லைலாக் மலரும் கையறுநிலையும்

பூவொன்று பூத்திருப்பதைக் கண்டு, இறந்தாரை நினைந்து வருந்துதல் பல மொழி இலக்கியங்களிலும் பயின்றுவரும் பொருளாகும். ஆயினும், எந்தப் பூ, எக்காரணத்தால், யாருடைய நினைவை எழுப்புகின்றது என்னும் வினாவினை நுணுகி ஆராய்ந்தார் சிலரே. திறனாய்வாளர் பலர் அம்மலரைக் குறியீடு என்று கூறி அமைந்துவிடுகின்றனர். அங்ஙனம் கூறுங்கால், குறியீடென்பது புலவன் தன் விருப்பம்போல் ஒரு பொருளின்மேல் ஒட்டிவைத்த சீட்டாக முடிகின்றது. திணைக் கோட்பாட்டிற் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்விளக்கம் நிறைவு தாராது. நிலமும் பொழுதும் பூவும் தத்தம் இயல்பினாலேயே உரிப்பொருளைத் தாங்குகின்றன என்பது தொல்காப்பியம் நமக்குக் கற்பித்த நெறி. இந்நெறியைத் தமிழகத்திற்கு அப்பாற்பட்ட ஒரு மலரின்மேல் வைத்துப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஐரோப்பியரும் அமெரிக்கரும் தம் அன்பிற்குரியாரை நினைந்து போற்றும் லைலாக் என்பதே அம்மலர்.

லைலாக்கைச் சிறுமரம் என்றலும் பெரும்புதர் என்றலும் பொருந்தும். இரண்டு மூன்று ஆள் உயரம் வளரும். இலைகள் நெஞ்ச வடிவின. இளவேனிலில் கிளை நுனிதோறும் கூம்பிய கொத்துக்களாகப் பூக்கும். ஒவ்வொரு சிறுபூவும் ஒரு குழலும் நான்கு இதழ் விரிவும் உடையது. செந்நீலமே பெருவழக்கான நிறம். வெண்பூப் பூப்பனவும் உள. இதன் தாயகம் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் மலைச்சாரல். துருக்கியர் தம் தோட்டங்களில் விரும்பி வளர்த்த இச்செடி, 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுலைமான் அவையிலிருந்து மீண்ட தூதர் புசுபெக்கின் வாயிலாக வியன்னாவை அடைந்தது என்பர். பின்னர் மேலை நாடுகள் எங்கும் பரவிக் குடியேறிகளோடு அமெரிக்காவும் சென்றது. லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதனைச் சிரிங்கா வல்காரிசு என்று தம் நூலிற் பதிந்தார்; சிரிங்சு என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குழல் என்பது பொருள்.

லைலாக் என்னும் வழக்குப் பெயரோ பாரசீகத்தில் நீல நிறங்குறித்த சொல்லின் வழியாகப் பிறந்தது. அரபும் பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்திற் புகுந்த அச்சொல்லின் அடி, வடமொழியில் நீல என வழங்கும் சொல்லோடு ஓரினமானது. ஆகவே நாம் நாடோறும் வழங்கும் நீலம் என்னும் சொல்லுக்கும் இம்மலர்ப் பெயருக்கும் தொலைவான ஓர் உறவு உண்டு. மலரை அறியாத நாம் அதன் பெயரில் ஒரு பாதியை முன்னரே அறிவோம் எனலாம்.

இச்செடியின் இயல்புகளுள் நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது அது அரும்பு கட்டும் காலமாகும். இவ்வாண்டு மலரும் லைலாக் இவ்வாண்டில் அரும்பியதன்று. சென்ற ஆண்டின் பூ உதிர்ந்தபின், அவ்வேனிற் காலத்திலேயே அடுத்த ஆண்டிற்குரிய அரும்பு கிளை நுனியில் உருவாகிவிடுகின்றது. இலையெல்லாம் உதிர்ந்த பின்னரும் அது செதில்களுக்குள் ஒடுங்கிப் பனிக்காலம் முழுதும் உறங்கும். போதிய குளிரை நுகர்ந்தாலன்றி அஃது இளவேனில் வெயிலுக்கு விழியாது. குளிர் போதாத நாட்டில் செடி தழைத்து நின்றாலும் பூப்பது அரிது. நம் சமவெளிகளில் லைலாக் காணப்படாமைக்குக் காரணம் இதுவே. தோட்டத்தார் பூ வாடிய உடனே கிளை நறுக்குவர். காலந்தாழ்த்து நறுக்குவோர் அடுத்த ஆண்டின் பூவையே நறுக்கியவராவர். இச்செய்தியின் பொருளைச் சிறிது எண்ணுக. ஒருவர் பனிக்காலத்தில் இறந்துபடின், அவர்க்குப் பின்வரும் இளவேனிலில் அவர் வீட்டு வாயிலில் மலரும் பூ, அவர் உயிரோடு நடமாடிய நாளில் அரும்பியதாகும். அவர் கண்ட கிளையில், அவர் காலத்துத் தோன்றிய அரும்பு, அவர் இல்லாத காலத்தில் விரிகின்றது. புலவர் யாவரும் இதனை அறிந்து பாடினர் என்று யாம் கூறவில்லை. ஆயினும் செடி வைத்து வளர்த்த குடும்பத்தார் இதனை அறிவர். அவருள்ளத்தில் எழும் உணர்ச்சிக்கு ஓர் அடிப்படை செடியிலேயே உள்ளது.

மற்றோர் இயல்பு அதன் நெடுவாழ்வு. அடியிலிருந்து பக்கக் கன்றுகள் விட்டுக்கொண்டே இருத்தலின், நூறாண்டு கடந்தும் லைலாக் நிற்கும். அமெரிக்க உழவர் இதனைக் காட்டிலோ வயலிலோ வைப்பதில்லை. வீட்டின் வாயிலருகே நடுவர். காலம் மாறி, மக்கள் நகர் நோக்கிப் பெயர்ந்து, மரவீடு மட்கி விழுந்தபின், நிலவறைக் குழியும் லைலாக் புதருமே அங்கு ஒரு குடும்பம் வாழ்ந்தமைக்குச் சான்றாக எஞ்சும். நியூ இங்கிலாந்துப் பகுதியில் இக்காட்சி மிகப் பொதுவானது. தாரோ என்னும் பேரறிஞர் 1854இல் வெளியிட்ட வால்டன் என்னும் நூலில், கதவும் நிலையும் அழிந்து ஒரு தலைமுறை சென்றபின்னும் பூத்துக்கொண்டிருக்கும் இத்தகைய புதரைக் குறிப்பிடுகின்றார். அதனைச் சிறுவர் கைகள் நட்டன என்றும், நட்டவர் வளர்ந்து மூத்து மறைந்தபின்னும் அது நிலைத்திருக்கின்றது என்றும் அவர் எண்ணிப் பார்க்கின்றார். நட்டாரை விஞ்சி வாழும் மரங்கள் பல உள. ஆயின் ஆலும் புளியும் ஊர்க்கு உரியன. லைலாக் ஒரு வீட்டிற்கு உரியது. அது நினைவூட்டுவது ஊரையன்று, குறிப்பிட்ட சிலரையே.

மணத்தைப் பற்றியும் கூறல் வேண்டும். மற்றைப் புலன்வழிச் செய்திகள் மூளையின் நடுவணதாகிய ஓரிடத்தைக் கடந்தே மேற்செல்லும். மண உணர்வோ அவ்விடத்தைச் சாராமலே உணர்ச்சிக்கும் நினைவிற்கும் உரிய பகுதிகளை நேரே எட்டுகின்றது என்பது உடலியலார் கண்ட உண்மை. எனவே மணத்தால் எழும் நினைவு, காட்சியால் எழும் நினைவினும் சட்டென வருவதாயும் உணர்ச்சி மிக்கதாயும் இருத்தல் இயல்பே. லைலாக் மணத்திற்கு இதன்மேலும் ஒரு தனித்தன்மை உண்டு. மல்லிகையினின்று நறுநெய் வடித்தெடுத்தல் கூடும். லைலாக்கினின்று அங்ஙனம் பயன்படுமாறு எடுத்தல் இயலவில்லை. மணப்பொருள் வணிகர் வேறு பொருள்களைக் கூட்டி அதன் மணத்தைப் போலச் செய்து விற்கின்றனர். உண்மை மணத்தை நுகர விரும்புவார் ஆண்டில் இரண்டு மூன்று கிழமைகள் வரும் அப்பருவத்திற்குக் காத்திருத்தல் வேண்டும். எந்நாளும் கிடைக்கும் மணம் எந்நாளோடும் ஒட்டுவதில்லை. ஆண்டிற்கு ஒருமுறை வருவதே ஒரு நாளோடு, ஒருவரோடு ஒட்டிக்கொள்கின்றது.

அங்ஙனம் ஒட்டிக்கொண்டமைக்குப் புகழ்பெற்ற சான்று வால்ட் விட்மனின் இரங்கற்பா. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுறும் வேளையில், 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் வாசிங்டன் நாடக அரங்கொன்றிற் சுடப்பட்டு மறுநாட் காலை உயிர் துறந்தார். போர்க்காலத்தில் வாசிங்டன் மருத்துவ மனைகளில் காயமுற்ற வீரர்க்குத் தொண்டு செய்துவந்த விட்மன், அந்நாளில் புரூக்லினில் தம் அன்னையாரின் இல்லத்தில் இருந்தார். அவ்வாண்டு பருவம் சற்று முந்தியே வந்தமையின் லைலாக் நிறையப் பூத்திருந்தது. பின்னாளில், 1879 முதல் லிங்கன் மறைவுபற்றி ஆற்றிவந்த சொற்பொழிவில், அப்பூவின் தோற்றமும் மணமும் அந்நாளின் துயரைத் தமக்குத் தவறாமல் நினைவூட்டுகின்றன என்று அவரே கூறியுள்ளார். இக்கூற்று ஆராய்ச்சியாளர்க்கு மிக அரியதொரு சான்று. புலவர் துயருக்கேற்ற மலரொன்றைத் தேடிச் சென்றாரல்லர். துயர் வந்த நாளில் மலர் அங்கே இருந்தது. மூவிரண்டு நாள் முந்தியோ பிந்தியோ நிகழ்ந்திருப்பின் வேறொரு பூ அவ்விடத்தைப் பெற்றிருக்கவுங் கூடும் என்பார் உளர். யாம் அதனை முற்றும் ஒப்புகிலேம். நாள் தற்செயலாக அமைந்தது. அந்நாளை ஆண்டுதோறும் மீட்டுத் தரும் ஆற்றல் மலரின் இயல்பில் இருந்தது.

வாயில்முற்றத்து லைலாக்கைத் தலைப்பிற் கொண்ட அப்பாட்டு 1865ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது. அதன்கண் லிங்கன் பெயர் ஓரிடத்தும் இல்லை. லைலாக், மேற்றிசையில் தாழும் விண்மீன், தனித்துப் பாடும் பறவை ஆகிய மூன்றும் மாறிமாறி வருகின்றன. ஏப்பிரல் 21ஆம் நாள் வாசிங்டனிற் புறப்பட்ட பிணப்பேழை வண்டி, நகர் நகராகத் தங்கி, ஏறத்தாழ 1,650 மைல் கடந்து இசுபிரிங்பீல்டை அடைந்து, மே 4ஆம் நாள் அடக்கம் நிகழ்ந்தது. அவ்வண்டி கடந்து செல்லுங்கால் புலவர் தாம் ஒடித்த லைலாக் கிளையை அப்பேழைக்கு அளிக்கின்றார். அளித்த உடனே, இஃது ஒருவர்க்கு மட்டும் உரியதன்று, எல்லாப் பேழைகட்கும் உரியது எனத் திருத்திக் கொள்கின்றார். நான்காண்டுப் போரில் மாய்ந்த இளைஞர் பலரை மருத்துவமனைக் கட்டில்களில் கண்டவர் அவர் என்பதை அறிந்தார்க்கே இவ்விடத்தின் ஆழம் புலனாகும். ஒரு வீட்டு வாயிலுக்குரிய பூ, ஒரு நாட்டின் துயருக்கு உரியதாகும் திருப்பம் இங்கே நிகழ்கின்றது. பாட்டின் இறுதிப் பகுதியில் அவர் லைலாக்கை அதன் முற்றத்திலேயே விட்டு விடைபெறுகின்றார். அஃது அங்கே பூத்துக்கொண்டிருக்கும், இளவேனில்தோறும் மீளும்.

இப்பாட்டைப் பயிலும் தமிழ் மாணவர்க்குப் புறநானூற்று 242ஆம் பாட்டு நினைவிற்கு வாராதிராது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலை அது. சாத்தனை இழந்த ஊரில் முல்லை பூத்திருத்தல் கண்ட புலவர், பூத்தமைக்காக அக்கொடியோடு முரணி வினவுகின்றார். அணியும் இளைஞர் இலர். பறிக்கும் மகளிர் இலர். யாழின் கோட்டால் கொடியை வளைத்துப் பூக்கொள்ளும் பாணனும், அணிந்து மகிழும் பாடினியும் அதனை நாடிலர். ஆதலின் அப்பூ யாருக்காகப் பூத்தது என்பதே அவ்வினாவின் உட்கிடை. விட்மன் லைலாக்கை ஒருகாலும் கடிந்திலர். ஒடித்து இறந்தார்க்கு ஈகின்றார். கீரத்தனாரோ முல்லையைப் பறித்திலர். பறித்தற்கு ஆளில்லாமையே அவர் பாட்டின் பொருள்.

இவ்வேறுபாடு புலவரின் மனப்பாங்கால் மட்டும் அமைந்ததன்று என்பது எம் கருத்து. முல்லை சூடும் பூ. தலையிலும் கூந்தலிலும் ஏறியபோதுதான் அதன் பிறப்பு நிறைவுறுகின்றது. சூடுவார் இன்றேல் அது பூத்தும் பூவாததே. லைலாக்கோ மேலைநாட்டார் சூடும் பூவன்று. செடியில் நின்று பார்க்கப்படுவது, ஒடித்துக் குடுவையில் வைக்கப்படுவது, பிறர்க்குக் கொடுக்கப்படுவது. எனவே ஈண்டு இழப்பு, சூடுவார் இன்மையாகத் தோன்றுகின்றது. ஆண்டுக் கொடுப்பதற்குரியார் பெறமாட்டாமையாகத் தோன்றுகின்றது. ஆங்கில நாட்டாருட் சிலர் லைலாக்கை, அதிலும் வெண்ணிறத்ததை, வீட்டினுட் கொணர்தல் சாவிற்கு அறிகுறி என்று அஞ்சி விலக்குவதும் அதனை இறந்தார்க்குக் கொடுக்கும் பூவாகக் கருதியமையால் போலும். நிலைத்திணை நூலார் கூறும் செய்தியொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. லைலாக்கும் முல்லையும் ஒரே குடும்பத்தன. ஒலிவமும் மல்லிகையும் பவழமல்லிகையும் அதனுள் அடங்கும். ஒருவரை ஒருவர் அறியாத இரு புலவர், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு இடையிட்டு, கையற்று நின்ற வேளையில் ஒரே குடும்பத்து இரு நறுமலர்களின்முன் நின்றனர். இதிலிருந்து கோட்பாடெதனையும் எழுப்ப யாம் விரும்பவில்லை. இரு பூவிற்கும் உரிய குழல் வடிவும் மிகு மணமும் உறவினால் அமைந்தன என்னும் அளவே அமையும்.

அகப்பாட்டுக்களில் மலர்ச்சி வேறொரு பணி செய்கின்றது. கார்காலத்துத் திரும்புவேன் என்று தலைவன் சொல்லிச் செல்ல, கொன்றையும் முல்லையும் பூத்துக் காலம் வந்ததென அறிவிக்கின்றன. வம்ப மாரியைக் காரென மயங்கிக் கொன்றை பூத்தது என்று தோழி மரத்தின்மேற் பழிபோட்டுத் தலைவியை ஆற்றுவித்தலும் உண்டு. அங்கே பூ வந்தது, அவன் வரவில்லை, ஆயினும் வருவான். கையறுநிலையில் பூ வந்தது, அவன் வாரான். லைலாக் பாட்டுக்களில் இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஆண்டுதோறும் சொன்ன சொல் தவறாது வரும் பூவைக் காணுங்கால், உள்ளம் அகப்பாட்டின் தலைவிபோல் எதிர்பார்க்கத் தொடங்கி, அடுத்த கணமே புறப்பாட்டின் புலவர்போல் உண்மையை உணர்கின்றது. விட்மன் பாட்டின் உயிர்நிலை இதுவென்றே கூறுவோம்.

பாழ்நிலம் என்னும் நெடும்பாட்டை 1922இல் வெளியிட்ட எலியட், அதன் தொடக்கத்திலேயே செத்த நிலத்தினின்று லைலாக் முளைப்பதையும் நினைவு கிளர்வதையும் ஒருங்கு வைத்தார். இதனை விட்மனுக்கு மறுமொழியாகக் கொள்வாரும், பருவ வருணனை மரபைத் தலைகீழாக்கிய திறம் என்பாரும் உளர். அவர்கள் கூறுவது பொய்யன்று. எனினும் 1934ஆம் ஆண்டில் தாம் நடத்திய கிரைட்டீரியன் இதழில் எலியட் எழுதிய ஒரு குறிப்பைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். பாரிசு நகரத்து இலக்சம்பர்க்குத் தோட்டத்தில், பிற்பகற் பொழுதில், லைலாக் கிளையொன்றை வீசிக்கொண்டு தம்மை நோக்கி வந்த நண்பர் ஒருவரை அதில் அவர் நினைவுகூர்கின்றார். அந்நண்பர் பின்னர்க் கலிப்போலிச் சேற்றோடு கலந்தார் என்றும் கூறுகின்றார். அவர் 1915ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தார்தனெல்சுப் போரில் மாய்ந்த சான் வெர்தெனால் என்னும் மருத்துவ மாணவர் ஆவர். எலியட்டின் முதற் பாட்டுத்தொகுதி அவர் நினைவிற்கே உரிமையாக்கப்பட்டது. பாழ்நிலத்து லைலாக் வெர்தெனாலின் கையிலிருந்த கிளையே என்று துணிதற்குச் சான்று போதாது. ஆயினும் கையில் லைலாக் ஏந்தி வந்த உருவம் இருபதாண்டு கடந்தும் அகலாத ஒருவர், அப்பூவைப் பாட்டில் வெறும் பருவக் குறிப்பாக மட்டும் வைத்தார் என்று கொள்வதும் அரிது.

பிற சான்றுகளைச் சுருங்கக் கூறுவாம். 1940ஆம் ஆண்டு மே மாதம் பெல்சிய மக்கள் பிரெஞ்சுப் படையை லைலாக் தூவி வரவேற்றதையும், சின்னாட்களில் அப்படை சிதைந்து மீண்டதையும் கண்ட லூயி அரகான், அவ்வாண்டிலேயே லைலாக்கும் ரோசாவும் என்னும் பாட்டை எழுதினார். உருசியாவில் கொலெசினிக்கோவ் என்னும் தோட்டக் கலைஞர் தாம் உருவாக்கிய லைலாக் வகைகட்குப் போரில் மாண்ட சோயா கொசுமதெமியான்சுக்காயா, காப்டன் கசுதெல்லோ முதலியோர் பெயர்களை இட்டார். போர் வெற்றி நாளாகிய மே 9 அங்கு லைலாக் பருவத்தை ஒட்டி வருதலின், கல்லிற் பொறிப்பதினும் இது பொருத்தமான நினைவுச்சின்னம் எனலாம். அமெரிக்காவில் இராச்செசுடர் நகரத்து தன்பார் 1916இல் நீலஞ்சார்ந்த லைலாக் ஒன்றிற்கு லிங்கன் பெயரையே சூட்டினார். பாட்டிற் கூறப்படாத பெயர் பூவிற்கு வந்து சேர்ந்தது. 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் ரூசுவெல்ட்டு மறைந்தபோதும் அதே மாதம், அதே போர்முடிவு, அதே தொடர்வண்டிப் பயணம். செருமானிய இசையறிஞர் இந்தெமித்து, விட்மனின் பாட்டு முழுமையும் இசையமைத்து 1946இல் அதனை நாம் அன்புசெய்வார்க்கு உரியதாக்கினார்.

மலரும் நாளும் இங்ஙனம் இணைந்திருத்தல் என்றும் மாறாததோ எனின், அன்று. 1950கள் முதல் அமெரிக்க நாட்டில் லைலாக் இலைவிடும் நாளும் பூக்கும் நாளும் பல இடங்களிற் குறிக்கப்பட்டு வருகின்றன. பருவத்தின் வருகையை அளத்தற்கு இச்செடி ஏற்ற கருவியாக அமைந்தது. உலகம் வெம்மையுற்று வருதலின், இளவேனில் பல இடங்களில் முந்துகின்றது என்பதை அக்குறிப்புகள் காட்டுகின்றன. இறந்த நாள் பஞ்சாங்கத்தில் நின்றுகொண்டிருக்க, மலர் சிறிது சிறிதாக அதனைவிட்டு முன்னே நகர்கின்றது. வருங்காலப் புலவர்க்கு இது புதியதொரு பாடுபொருளாகலாம்.

இறுதியாக, மொழிபெயர்ப்போர்க்கு ஒரு சொல். விட்மனின் பாட்டைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார் லைலாக்கிற்கு எச்சொல்லை இடுவது? நம் நாட்டில் ஆங்கிலேயர் வேம்பினை இந்திய லைலாக் என்றும், அதன் உறவான மலைவேம்பினத்து மரமொன்றைப் பாரசீக லைலாக் என்றும் வழங்கினர். பூவின் நிறமும் மணமும் தாய்நாட்டு வாயிலை நினைவூட்ட, கண்ட மரத்திற்கெல்லாம் அப்பெயரை இட்டனர் போலும். ஆயினும் வேப்பம்பூவை அப்பாட்டிற் புகுத்தினால் படிப்பவர் உள்ளத்தில் சித்திரைப் புத்தாண்டுப் பச்சடி தோன்றுமேயன்றிப் பிணப்பேழை தோன்றாது. முல்லை என்று பெயர்ப்பின் குடும்பம் பொருந்தும். ஆனால் அது சூடும் பூவாதலின், மேலே காட்டியவாறு, பாட்டின் செயல் முழுதும் குலைந்துவிடும். ஊதாப்பூ என்றல் நிறத்தைத் தந்து பூவைத் தொலைப்பதாகும். மேற்கு இமயத்தில் இயல்பாக வளரும் லைலாக் இனமொன்று உண்டெனினும், அதற்குத் தமிழ்ப்பெயர் இல்லை. ஆகவே லைலாக் என்றே வைத்து, அடிக்குறிப்பில் இவ்வளவு எழுதுதல் தகும்: வீட்டு வாயிலில் நடப்பெறுவது, சூடப்படாதது, சென்ற ஆண்டு அரும்பி, பனியில் உறங்கி, இவ்வாண்டு மலர்வது.